வீங்குவதற்கு உகந்த நாள்

ஐப்பசி மாதத் தேய்பிறை அஷ்டமியன்று நல்லமங்கலத்தில் நூற்று நாற்பத்தேழு பேர் ஒரே நாளில் வீங்கிப்போனார்கள். முழங்கால் வீங்கியவர்கள், மணிக்கட்டு வீங்கியவர்கள், கொதிநீர் கொட்டிய பாதம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியவர்கள் என்று தெருவுக்குத் தெரு ஆள் படுத்துவிட்டது. காலையில் பால் வரவில்லை, பால்காரருக்குக் கணுக்கால். ஒன்பது மணி பஸ் வரவில்லை, டிரைவருக்குத் தோள்பட்டை. பெருமாள் கோயிலில் மணியடிக்க ஆள் இல்லாததால் சாமியும் அன்றைக்குச் சற்று நேரம் கழித்தே எழுந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ் செண்பகவடிவு மட்டும் ஸ்கூட்டரில் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தாள். கீழத்தெருவில் ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரோரம் படுத்திருந்தார்கள். நடுவில் ஒரு செம்பு தண்ணீர். எட்டி எடுக்க அவருக்குக் கை வராது, எழுந்து நடக்க அவளுக்குக் கால் வராது. காலையிலிருந்து செம்பைப் பார்த்துக்கொண்டே, இந்த நாளைக் குறித்தது யார் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். வடிவு இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து சிரித்தாள். அடுத்த தெருவில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியம் நாக்கு வறண்டு மயங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

எல்லாம் பொறு ஊசியால் வந்தது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. மூன்று வருடங்களுக்கு முன் அது வந்தபோது, டாக்டர் ஃபர்ஹானா ஆலமரத்தடியில் மைக் பிடித்து விளக்கினார்.

"அடிபட்ட இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும், அந்த இடம் வேலை செய்யாது. இந்த அஞ்சும் நோய் இல்லைங்க. வைத்தியம். உங்க தெருவுல குழாய் உடைஞ்சா என்ன செய்றாங்க? ரெண்டு பக்கமும் அடைச்சு, குழி தோண்டி, லாரி வந்து சேறு அள்ளி, அப்புறம்தான புதுக் குழாய் போடுறாங்க. உடம்பும் அதைத்தான் செய்யுது. இந்த ஊசி அந்த ஆளுங்களைத் தெருமுனையிலயே நிறுத்தி வைக்கும். உங்களுக்குத் தோதான நாள் வந்ததும் விடு மாத்திரை ஒண்ணு போட்டா உள்ள வருவாங்க. மூணு நாள் வீங்கும், காய்ச்சல் வரும், எழுந்திரிக்க முடியாது. அப்புறம் ஆறிடும்."

"அதுவரைக்கும் வலிக்காதா டாக்டரம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"வலிக்காது. வேலை பார்க்கலாம். ஆனா ஒரு ஊசிக்கு முப்பது நாள், மொத்தமே மூணு ஊசி. தொண்ணூறு நாளைத் தாண்டினா உடம்பு அந்தக் காயத்தையே மறந்துடும். அப்புறம் வீங்கவும் வீங்காது, ஆறவும் ஆறாது. அறுந்தது அறுந்ததுதான்."

'வலிக்காது, வேலை பார்க்கலாம்' என்பதோடு ஊர் கேட்பதை நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு நல்லமங்கலத்தில் அடிபட்டதும் உட்காருகிற வழக்கமே போய்விட்டது. சுளுக்கிய காலோடு மூட்டை தூக்கினார்கள். தசை கிழிந்த கையோடு மாவு பிசைந்தார்கள். வீங்குவதற்கு மட்டும் நாள் பார்த்தார்கள். முகூர்த்த நாளில் எவன் வீங்குவான்? சந்தை நாளில் முடியாது. அமாவாசையில் விரதம். கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்கும் ஆகாத அஷ்டமிதான் வீங்குவதற்கு உகந்த நாள் என்று ஊர் மொத்தமும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஒரே முடிவுக்கு வந்திருந்தது.

மறுநாள் காலை டாக்டர் ஃபர்ஹானா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊரை நாள் வாரியாப் பிரிச்சுப் போடணும் சிஸ்டர். ஆதார் கடைசி எண்ணை வச்சுப் பிரிப்போமா?"

"பத்து எண்ணுக்குப் பத்து சண்டை வரும் டாக்டரம்மா. எனக்கு ஏன் நல்ல நாள்ல போட்டன்னு வீட்டுக்கே வந்துருவாக." வடிவு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் அடியில் வழக்கமாக வரும் ஒரு வரி இருந்தது. "சந்திராஷ்டமம் கேள்விப்பட்டிருக்கீகளா?"

"பேஷண்டுங்க சொல்வாங்க. என்னன்னு தெரியாது."

"சந்திரன் நம்ம ராசிக்கு எட்டாவது ராசியில வந்து உக்காருற ரெண்டேகால் நாளு. மாசம் ஒரு தடவை வரும். அன்னைக்கு யாரும் புதுசா ஒண்ணும் தொடங்க மாட்டாக. வாயைத் திறந்தா வம்புன்னு பேசக்கூட மாட்டாக. ஆனா பன்னெண்டு ராசிக்கும் வேற வேற நாள்ல வரும்."

டாக்டர் கையைத் தலையிலிருந்து எடுத்தார். மனதுக்குள் ஊரைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல சிஸ்டர்."

"எனக்கும் பாதிதான். ஊருக்கு முழுசா இருக்குல்ல."

அப்படித்தான் ராசி வரிசை வந்தது. ஒவ்வொருவர் ராசியும் கம்ப்யூட்டரில் ஏறியது. அது கொடுக்கும் நாளில்தான் வீங்க வேண்டும். வீங்குகிறவருக்கு வேறு ராசிக்காரர் ஒருவர் மூன்று நாளும் துணை இருக்க வேண்டும். யார் வீட்டுக்கு யார் துணை என்று வடிவே எழுதி ஒட்டினாள். கார்த்திகையில் தொடங்கியது, தையில் ஊரே அதற்குப் பழகிவிட்டது. பேசாமல் கிடந்த அண்ணன் தம்பிகள்கூட ஒருவருக்கொருவர் கஞ்சி ஊட்டினார்கள். தலைமையாசிரியர் ஞானதிரவியம் வந்து, "எங்களுக்கு ஏதும்மா ராசி, எல்லாம் கர்த்தர் விட்ட நாள்தான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, குனிந்து, "எங்கம்மா ரிஷபம்னு சொல்லுவாக, போட்டுக்க" என்றார். டாக்டர் ஃபர்ஹானாவே தன் இடுப்புப் பிடிப்புக்கு, கூட்டம் குறைவாக இருந்த கும்ப ராசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை வந்தது. தன் நாளில் விருந்தோ கபடிப் போட்டியோ வந்தால், "நான் சிம்மம் இல்லை, துலாம்" என்று சிலர் ராசி மாற ஆரம்பித்தார்கள். வடிவு அதற்கும் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தாள். ராசியைத் திருத்த வேண்டுமானால் திங்கட்கிழமை காலை வரிசையில் எல்லோர் முன்னிலும் நின்று, ஜாதகத்தில் என்ன தப்பு, அதை எழுதியது யார் என்று வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜாதகம் பொய்யென்றால் அதை வைத்து நடந்த கல்யாணம் என்ன கதி ஆவது? அன்றோடு ஒருவரும் ராசி மாறவில்லை.

இவ்வளவையும் சரி செய்த வடிவுக்கு, தன் வீட்டுக் கணக்கு மட்டும் உதைத்தது. அவள் புருஷன் கொம்பையா பஸ் ஸ்டாண்டில் பரோட்டா மாஸ்டர். இருபது வருடம் மாவை அடித்த வலது தோளில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. மூன்று ஊசியும் போட்டாயிற்று. கார்த்திகைக் கடைசியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்த வடிவுக்கு வலது மணிக்கட்டு. ஒற்றை நர்ஸ் உள்ள இடத்தில் லீவு எது? அவளும் மூன்று ஊசி போட்டுக்கொண்டாள். இருவருக்கும் தொண்ணூறு நாள் மாசிக் கடைசியில் முடிகிறது. இருவரும் கன்னி ராசி. முந்தைய இரண்டு மாத நாளையும் வேலை என்று தள்ளிப் போட்டதால் இருவருக்கும் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள், வருகிற வெள்ளிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொம்பையா மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவன், இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்தான்.

"இது என்ன வடிவு?"

"ஆஸ்பத்திரி மருந்து. அங்க ஃபிரிட்ஜ் சரியில்ல."

"உன் பேரு எழுதியிருக்கு."

வடிவு கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நாலாவது ஊசியா?"

"ஆமா."

"மூணுக்கு மேல போட்டா என்ன ஆகும்னு ஊருக்கே சொன்னவ நீ."

"கை ஒண்ணும் கழன்று விழுந்துறாது. பிடி தளரும், அவ்வளவுதான். இடது கையில ஊசி போடப் பழகிக்கிடுவேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மூணு நாளு காய்ச்சல்ல கிடப்பீக. சோறு ஊட்டணும், வேட்டி கட்டி விடணும், ஒத்தடம் குடுக்கணும். ரெண்டு பேரும் சேந்து படுத்தா கீழத்தெருவு கதைதான். நடுவுல செம்பை வச்சுக்கிட்டு முழிக்க வேண்டியதுதான்."

"துணைக்கு ஆளு போடு."

"வெள்ளிக்கிழமைக்குக் கன்னி ராசி முப்பத்தோரு பேரு. கை நல்லா இருக்குற அத்தனை பேரையும் எழுதி ஒட்டியாச்சு. இப்ப யாரு வீட்டுத் துணையைப் பிடுங்கி என் வீட்ல போட?"

"உன் தேதியை மாத்து."

"நானே மாத்துனா நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும். அப்புறம் எல்லாரும் பழையபடி அஷ்டமிக்குப் போயிருவாக. அந்த வாத்தியாரு கிடந்த கிடை உங்களுக்குத் தெரியாது. நான் பாத்தேன்."

அவள் சொன்னது எல்லாம் நிஜம். சொல்லாத ஒன்றும் இருந்தது. ஊருக்கெல்லாம் துணை எழுதிப் போட்டவளுக்கு, தனக்கென்று ஒருவரிடம் போய் மூன்று நாள் என் வீட்டில் இருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அதை நினைத்தாலே கூசியது. கொம்பையா குப்பியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். காலண்டர் பார்க்காமல் நல்லெண்ணெய்கூட வாங்காத மனிதன், நாள் கிழமை என்று ஓயாமல் பேசுகிறவன், அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் காலண்டரில் மறுநாள் தாளைத் தூக்கிப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்தில் நாற்பது பேர் நின்றார்கள். வடிவு தலையைக் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ராசி திருத்தணும்," என்றது பழக்கமான குரல்.

நிமிர்ந்து பார்த்தால் கொம்பையா. வெளுத்த வேட்டி, சட்டைப்பையில் பேனா. கல்யாணத்துக்கு நின்ற மாதிரியே நின்றான்.

"வீட்டுக்குப் போங்க," என்றாள் மெல்ல.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான. கேக்க வேண்டியதைக் கேளு."

அவள் சீட்டு எழுதுவது போலக் குனிந்துகொண்டாள். டாக்டர் ஃபர்ஹானா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, தானே வந்து கேட்டார். "ஜாதகத்துல என்ன தப்புங்க?"

"நான் கன்னி இல்ல. கடகம். ஆயில்ய நட்சத்திரம்."

வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"எழுதினது யாரு?"

"எங்க தாய்மாமா. ஆயில்யம்னு சொன்னா மாமியாருக்கு ஆகாதுன்னு பொண்ணு வீட்ல யோசிப்பாகன்னு அஸ்தம்னு மாத்தி எழுதிட்டாரு. இப்ப அவரு உசுரோட இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வடிவின் அப்பா, ஆயில்யம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு நல்ல மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். அதில் ஒருவன் இப்போது தாசில்தார்.

"பதினெட்டு வருசமாவா?" என்று அவள் நாற்பது பேர் முன்னால் கேட்டாள்.

"பதினெட்டு வருசமா."

"மாஸ்டரே, அப்ப பத்துப் பொருத்தத்துல எத்தனை தேறும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, வரிசை மொத்தமும் சிரித்தது. கொம்பையா காது சிவக்கக் கையெழுத்துப் போட்டான். கடகத்துக்குச் சந்திராஷ்டமம் அன்று காலையிலேயே பிறந்திருந்தது. கம்ப்யூட்டர் தேதி கொடுத்தது. துணை என்ற இடத்தில் டாக்டரே 'மனைவி' என்று தட்டினார். கொம்பையா விடு மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேதி அவனுக்கு முன்னாலேயே போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் தோள் கிண்ணம் கவிழ்த்த மாதிரி எழும்பி, சிவந்து, கொதித்தது. வடிவு கோபத்தோடுதான் ஊட்டினாள். ஒரு வாய்க்கு ஒரு வசவு.

"உங்களுக்கு ஏழரைச் சனின்னு ஏழரை வருசம் சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்குப் போட்டேனே."

"நீயும் கன்னிதான. உன் கணக்குல சேந்திருக்கும். வீணாப் போகல."

"பேசாதீக. சந்திராஷ்டமம்."

ஆனாலும் அவன் கண்ணயர்ந்ததும் அந்தத் தோள்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடுப்புப் பக்கத்தில் கை நீட்டியது போலச் சூடு. உள்ளே ஆயிரம் ஆட்கள் இறங்கி, கிழிந்ததை அள்ளி, புது நார் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் தெருமுனையில் நின்றவர்கள் ஒருவழியாக வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். இந்தக் கை இனிமேலும் மாவை வீசும் என்று நினைத்தபோது, ஏமாற்றுக்காரன் என்ற கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மும்பையிலிருந்து அவன் அக்கா வள்ளிமயில் போன் செய்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கொம்பையா தூங்கிக்கொண்டிருந்தான். வடிவு முற்றத்துக்கு வந்து, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் மதினியிடம் கொட்டினாள்.

"நல்லா இருக்கு மதினி உங்க குடும்பம். ஆயில்யத்தை அஸ்தம்னு எழுதித்தான பொண்ணு எடுத்தீக."

"யாருக்கு ஆயில்யம்?"

"உங்க தம்பிக்குத்தான். ஊரு முன்னாடி அவுகளே ஒத்துக்கிட்டாக. உங்க மாமா மாத்தி எழுதுனாராம்."

 மறுமுனையில் மதினி சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அவன் பிறந்தப்ப எனக்கு வயசு பதினாலு. நான்தான் மடியில வச்சுக்கிட்டு ஜோசியரு முன்னாடி உக்காந்திருந்தேன். அஸ்தம், கன்னி ராசி, அதுல ஒரு மாத்தமும் இல்ல. மாமாவா எழுதுனாரு? அந்த மனுசன் கைநாட்டு. தன் பேரையே எழுதத் தெரியாது. அவரு எங்க ஜாதகம் எழுதுனாரு?"

வடிவு போனை வைத்தாள். அவன் நாற்பது பேர் முன்னால் நின்றதும், காது சிவந்ததும், சிரிப்பைத் தாங்கிக்கொண்டு பேனாவை எடுத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவள் விதியை அவளே மீற வேண்டாம் என்று, விதிப்படியே வந்து தன்னைப் பொய்யனாக்கிக்கொண்டு போயிருக்கிறான். இறந்துபோன மாமாவையும் துணைக்கு இழுத்திருக்கிறான். தன் ராசிக்கு நல்ல நாளாக இருந்த திங்கட்கிழமையை வீங்குவதற்குக் கொடுத்திருக்கிறான். இவ்வளவும் அவளுடைய ஒரு கைக்காக. வடிவுக்கு அழுகை வந்தது, அழுதாள். உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து அந்தக் குப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அதைச் சுகாதார நிலையத்தில் திருப்பி வைத்துவிட்டு, திருத்தப் பதிவேட்டைத் திறந்தாள். பொய்யான பதிவு. பதிவேடு அவள் பொறுப்பு, அடித்துத் திருத்த வேண்டியவளும் அவள்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தாள். கொம்பையாவின் பெயருக்குக் கீழே, அவள் திங்கட்கிழமை வீட்டுக்கு ஓடிய பிறகு, இன்னும் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். ஆறு பேர் வீட்டிலும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே ராசி. கீழத்தெருச் செம்புக்காரரும் அதில் இருந்தார்.

டாக்டர் ஃபர்ஹானா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு எனக்குப் புரியல சிஸ்டர். இந்த ஊர்ல ஏன் இத்தனை மாமாங்க பொய் ஜாதகம் எழுதி வச்சிருக்காங்க?"

"எங்க ஊரு மாமாக்க அப்படித்தான் டாக்டரம்மா."

"திருத்தம் ஏதாவது இருக்கா?"

வடிவு பேனாவை மூடினாள். "ஒண்ணும் இல்ல."

வெள்ளிக்கிழமை மத்தியானம், கன்னி ராசிக்குரிய நேரத்தில், அவள் விடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பகலில் படுத்ததே இல்லை. பொழுது சாயும்போது மணிக்கட்டு சிவந்து எழும்பியது. விரல்கள் மடங்கவில்லை. காய்ச்சல் ஏறியது. வலியில் உயிர் போனது. அது போகப் போக அவளுக்குத் தைரியம் வந்தது.

கொம்பையா தோளை அசைக்காமல் தூளியில் கட்டிய கையோடு, முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்து, ரசம் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டு வந்து உட்கார்ந்தான். பாதி சோறு அவள் கழுத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த வாயை உருட்டினான்.

"ஏங்க."

"பேசாத. சந்திராஷ்டமம்."

"ஒண்ணே ஒண்ணு. உங்க ராசி என்ன?"

அவன் சோற்றை ஊதி ஆற்றினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடகம். ஊரே கேட்டுச்சுல்ல."

"நல்ல ராசி," என்று சொல்லிவிட்டு வடிவு வாயைத் திறந்தாள்.